பேர் சொல்லாதவள்

என் நாத்தனாருக்கு இரண்டு முறை கல்யாணம் ஆனது. முதல் கல்யாணத்தை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அப்போது நான் அந்த வீட்டு மருமகள் ஆகியிருக்கவில்லை. இரண்டாவது கல்யாணம் என் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நடத்தி வைத்த பாஸ்டரம்மாவுக்கே தான் ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்தோம் என்று தெரியாது. இப்படியும் ஒரு கல்யாணம் உண்டா என்று கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். சோபா தைக்கும் கடையில் வேலை. பழைய சோபாவைக் குப்புறப் போட்டு, திருப்புளியால் ஒவ்வொரு பின்னாக நெம்பி எடுத்து, கிழிந்த உறையைப் பிரித்து, நசுங்கிப்போன ஃபோமை மாற்றி, புது ரெக்ஸினை இழுத்துப் பிடித்து அடிப்பாள். ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிற பட்டையைத் தனியாக இழுப்பாள். விரல்களில் எப்போதும் பசை ஒட்டியிருக்கும். குடியிருப்பது எங்கள் பக்கத்துப் போர்ஷனில், ஒற்றை அறையில். அந்த அறைக்கும் என் அடுப்படிக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அவளுக்கு வாய் கிடையாது. அந்தக் குறையும் தெரியாமல் நான் சேர்த்துப் பேசிவிடுவேன். மருந்துக்கடையில் நின்றுகொண்டே நாள் முழுக்கப் பேசுகிற பிழைப்பு என்னுடையது.

முதல் புருஷன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார், அதுதான் வினை. ஒருநாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. தேடு தேடென்று தேடினோம். கடைசியில், வேறு ஊரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார், சௌக்கியமாக இருக்கிறார் என்று தகவல் வந்தது. அண்ணி அழவில்லை. என் கூடத்தில் வந்து உட்கார்ந்தவள், உட்கார்ந்தவள்தான். சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பாள். பிள்ளை குட்டியும் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

அப்போதுதான் பாஸ்டரம்மா, எங்கள் சபை பாஸ்டரின் மனைவி, வந்தார். நல்ல மனுஷி. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா" என்று ஆரம்பித்தார். அவள் அழவே இல்லை, அது வேறு விஷயம். "மனுஷன் போனா போறான். இனிமே கர்த்தர்தான் உனக்குப் புருஷன். அவர் ஒருநாளும் உன்னக் கைவிட மாட்டார்."

எங்கள் சபையில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கும், புருஷன் ஓடிப்போனவளுக்கும் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான் இது. வேதத்தில் இருக்கிற வார்த்தை. ஜுரக்காரனிடம் 'சரியாயிடும்' என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. சொல்கிறவர்களும் யோசிப்பதில்லை, கேட்கிறவர்களும் யோசிப்பதில்லை. அண்ணி மட்டும் தலையைத் தூக்கினாள்.

"நெஜமாவாம்மா?"

"நெஜமாத்தாம்மா. தேவன் பொய் சொல்வாரா?"

"சரிங்கம்மா" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பிட்டாள். மறுநாள் வேலைக்குப் போனாள். பாஸ்டரம்மா ஜெபத்தின் வல்லமை என்றார். நானும் அப்பாடா என்று இருந்தேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. காலையில் கதவைப் பூட்டும்போது உள்ளே பார்த்து, "போயிட்டு வரேங்க" என்பாள். யாரும் இல்லாத அறை. சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, கடையில் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வாள். அலமாரியில் ஒரு தட்டைக் காலியாக விட்டிருந்தாள். "இது எதுக்கு அண்ணி, பழைய துணிய வைக்கலாமே?" என்று கேட்டால், "அவர் பக்கம்" என்பாள். அப்புறம் தனக்கே சிரிப்பு வந்து, "அவருக்கு எதுக்குத் துணிமணி? ஆனா இடம் விடாம எப்படி?" என்பாள். பைத்தியமா என்றால் இல்லை. மற்ற எல்லா விஷயத்திலும் என்னைவிடத் தெளிவு.

கடையில் புதிதாகச் சேர்ந்த தச்சர் ஒருவர், சோபாவுக்குச் சட்டம் அடிக்கிறவர், விவரம் தெரியாமல் கேட்டிருக்கிறார்: "உங்க வீட்டுக்காரர் என்ன வேலைங்க?"

"தச்சு வேலைதான்" என்றிருக்கிறாள் இவள்.

"அட, நம்ம ஆளா! எந்தப் பட்டறையில?"

"அப்பா பட்டறையில கொஞ்ச நாள் பாத்தார். அப்புறம் விட்டுட்டார்."

அந்த மனிதர் ரொம்ப நாள், நல்ல தொழிலை விட்டுவிட்டாரே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாராம். இதை வந்து என்னிடம் சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு கூத்து. எங்கள் மாமியார் சாகிற வரைக்கும் மாமனார் பேரைச் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் பேர் கேட்டால், பக்கத்தில் நிற்கிறவரைக் கையைக் காட்டுவார். அம்மாவைப் போலத்தான் மகளும். முதல் புருஷன் பேரை அண்ணி வாயால் நான் கேட்டதே இல்லை. 'இவர்', 'அவர்', 'எங்க வீட்டுல'தான். நானெல்லாம் என் புருஷனைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் பேரோடு இன்னும் இரண்டு சேர்த்துக் கூப்பிடுவேன். ஆக, கர்த்தரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அண்ணி அவர் பேரையும் சொல்லுவதில்லை. ஜெபத்தில் 'நீங்க', பேச்சில் 'அவர்'. பாட்டில் இயேசு என்று வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வாள். அடுத்த வார்த்தையில் சேர்ந்துகொள்வாள். நல்ல குரல் வேறு. பக்கத்தில் நிற்கிற எனக்கு, ஓடுகிற ரேடியோ நடுநடுவே நின்று நின்று ஓடுவதுபோல் இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இது யார் கண்ணிலும் படவில்லை. சபை என்றால் அவனவன் கஷ்டத்தோடு வந்து உட்கார்கிற இடம். அடுத்தவள் வாயை யார் பார்க்கிறார்கள்? பார்க்க ஒருவர் வந்து சேர்ந்தார். ஜெயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த வேகத்திலேயே, சபையாரைக் கண்காணிக்கிற மூப்பர் ஆனார். வாழ்க்கை முழுக்க வரிசையில் நிற்கிறவர்களை உற்று உற்றுப் பார்த்த கண், சும்மா இருக்குமா? அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்கு முன்னால் எங்கள் சபையில் ஒவ்வொருவராக எழுந்து, 'இயேசு கிறிஸ்துவே என் ஆண்டவர்' என்று அறிக்கை செய்ய வேண்டும். அண்ணி எழுந்து, "அவரே என் ஆண்டவர்" என்றாள், வழக்கம்போல. மூப்பர் கையை உயர்த்தினார்.

"சகோதரி, பேரைச் சொல்லுங்க."

அண்ணி குனிந்துகொண்டாள்.

"பேரைச் சொல்லுங்க சகோதரி."

சபையே திரும்பிப் பார்த்தது. அண்ணியின் காது சிவந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

எங்கள் மாதிரி சபைகளில் இயேசுவின் பேரைச் சொல்ல முடியாமல் ஒருவர் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: உள்ளே வேறு ஏதோ புகுந்திருக்கிறது, அது சொல்ல விடவில்லை. அடுத்த நாளே மூப்பர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். நடுக்கூடத்தில் அண்ணியை உட்கார வைத்து, தலையில் எண்ணெயைக் கொட்டி, மூன்று பேரும் உச்சந்தலையில் கை வைத்துக் கத்தினார்கள். "அவளை விட்டு வெளிய வா! பேரைச் சொல்லு! சொல்லு!" எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டப் போயிருந்தார். இருந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார், அது வேறு. "ஐயா, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல, கையை எடுங்க" என்று நான் குறுக்கே போனால், "நீங்க உள்ள போங்க சகோதரி, இது உங்க மேல தாவிடும்" என்றார் கூட வந்தவர். தாவட்டும், எனக்குள் இருப்பதோடு சண்டை போட்டு அதுவே ஓடிவிடும் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

அவர்கள் போன பிறகு அண்ணி குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் போவேனா என்றது. நான் தண்ணீர் ஊற்றினேன். பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏன் அண்ணி, ஒரே ஒரு வார்த்தை. சொல்லித் தொலைச்சா முடிஞ்சு போச்சு. நாக்கு என்ன தேஞ்சா போயிடும்?"

"சொன்னா போயிடுவார்."

"யாரு?"

"அவர்தான்."

தண்ணீரை நிறுத்தினேன். அண்ணி கண்ணைத் திறக்காமலே சொன்னாள், நுரை வழிந்துகொண்டிருந்தது.

"முதல் ஆளை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. பஸ்ஸுக்கு நிக்கறேன், ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவளோட நின்னு சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தார். எனக்கு என்ன வந்துச்சோ, பேரைச் சொல்லிக் கத்திட்டேன். முழுப் பேரையும். தெருவே திரும்பிப் பாத்துச்சு. அவரும் பாத்தார். அந்தப் பார்வையிலயே முடிஞ்சு போச்சு. அப்புறம் வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். ஆனா அந்த வாரமே போயிட்டார்."

"அண்ணி, அவர் போறதுக்குத் தயாராத்தான் அவகூட நின்னிருக்கார். நீங்க பேர் சொன்னதாலயா போனார்?"

"தெரியுது. புத்திக்குத் தெரியுது. வாய்க்குத் தெரியலையே." நுரையைத் துடைத்துக்கொண்டாள். "இவரும் போயிட்டா எனக்கு யாரும்மா இருக்கா?"

நான் இருக்கிறேன், உங்கள் தம்பி இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் கேட்டது அதை இல்லை என்று எனக்கே தெரிந்தது. மிச்சத் தண்ணீரை ஊற்றிவிட்டு, துண்டைக் கொடுத்தேன்.

எனக்கும் கர்த்தருக்கும் உள்ள உறவு, வாடகைக்குக் குடியிருக்கிறவளுக்கும் வீட்டின் சொந்தக்காரருக்கும் உள்ள உறவு. ஏதாவது ஒழுகினால் போய் நிற்பேன். மற்றபடி எதிரில் வந்தால் ஒரு கும்பிடு. ஆகையால் இவளுடைய பயம் எனக்கு முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்திக்குப் புருஷன் போய்விடுவானோ என்ற பயம் எப்படி இருக்கும் என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது?

அடுத்த திருவிருந்தில் அண்ணிக்குக் கொடுக்கவில்லை. அப்பத் தட்டு வரிசையாக வந்தது. எனக்கு முன்னால் நின்றது, அண்ணியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. சின்னச் சின்னக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டும் அப்படியே. நீட்டத் தொடங்கிய கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். உருக்கமாகப் பாட்டு வேறு நடந்துகொண்டிருந்தது. எனக்கு வாயில் போட்ட அப்பம் இறங்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணி சொன்னாள்: "எங்க வீட்டு விருந்து. எனக்கு மட்டும் தட்டு இல்ல." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு கூப்பிட்டு அனுப்பினார்கள், விசாரிக்க. துணைக்கு நான் போனேன். ஆலயத்துக்குப் பின்னால் ஒரு அறை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்காலிகள், துணி போர்த்திய கீபோர்டு, மேலே சத்தம் போடும் ஃபேன். பாஸ்டர், பாஸ்டரம்மா, மூப்பர். பாஸ்டர் யாரையும் நோகடிக்க விரும்பாதவர். அதனாலேயே எல்லோரையும் நோகவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர்.

மூப்பர்தான் பேசினார். குரலை ரொம்பத் தணித்துக்கொண்டார். "சகோதரி, நாங்க ஒண்ணும் மலையைத் தூக்கச் சொல்லல. ரட்சகரோட பேர். அதை நாவுல எடுக்க உங்களுக்கு எது தடை?"

"ஐயா, நான் அவர் பொண்டாட்டி. பேர் சொல்ல மாட்டேன்."

மூப்பர் திரும்பி பாஸ்டரைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க?"

அண்ணி பாஸ்டரம்மா பக்கம் கையைக் காட்டினாள். "அம்மாதான் சொன்னாங்க. நெஜமான்னுகூடக் கேட்டேன். நெஜம்னாங்க."

எல்லோரும் பாஸ்டரம்மாவைப் பார்த்தோம். அந்த அம்மாவுக்கு முதலில் நினைவே வரவில்லை. அப்புறம் வந்தது. முகம் வெளுத்துப்போயிற்று. முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

"அது... நீ அப்ப இருந்த இருப்புக்கு, ஒரு ஆறுதலுக்குச் சொன்னதும்மா. வேதத்துல சபையைத்தான் மணவாட்டின்னு சொல்லியிருக்கு. மொத்தச் சபையையும். ஒரு ஒப்புமை. நம்ம புத்திக்கு விளங்கறதுக்காக. அதுக்காக நீ தனியா, நெஜமாவே, வீட்டுல..." முடிக்க முடியவில்லை அவரால்.

"அப்போ நான் இல்லையாம்மா?"

"அப்படி இல்ல. நீயும் சபையில ஒரு அங்கம்தானே" என்றார் பாஸ்டர், ஃபேனைப் பார்த்துக்கொண்டே.

அங்கமாம் அங்கம்! இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ பெண்டாட்டி இல்லை, கும்பலில் ஒருத்தி என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? பேசத் தெரிந்து என்ன பிரயோஜனம்? அன்றைக்குப் பார்த்து என் வாய் எனக்கு உதவவில்லை.

அண்ணி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பதில் சொல்ல வேண்டிய ஆள் அந்த அறையில் வேறு யாரோ இருப்பதுபோல, கொஞ்சம் தலையைத் தூக்கிக் காத்துக்கொண்டிருந்தாள். நானும் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. அவள் காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம், எதற்கென்று தெரியாமல்.

"இயேசு கிறிஸ்து" என்றாள் அண்ணி.

பட்டென்று, தெளிவாக, ஒரு திக்கல் திணறல் இல்லாமல். என் கடையில் மருந்து வாங்க வருகிறவர்கள் யாரோ ஒரு நோயாளியின் பேரைச் சொல்வார்களே, அப்படி.

"இயேசு கிறிஸ்துவே என் ஆண்டவர்."

"அல்லேலூயா!" மூப்பர் எழுந்துவிட்டார். அந்த மனிதர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. கெட்டவர் இல்லை அவர். ஒரு ஆத்துமாவை மீட்டுவிட்டோம் என்று நம்பினார். பாஸ்டரும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றார். நான் மட்டும் அழுதேன். சொல்லித் தொலையுங்கள் என்று சொன்னவளும் நான்தானே, அதற்காகவும் அழுதேன். ஒருத்தியை நம் கண்ணெதிரே விதவையாக்கிவிட்டு இவர்கள் ஸ்தோத்திரம் பாடுகிறார்களே என்று இருந்தது.

அதன்பின் அண்ணியால் ஒரு தொல்லையும் இல்லை. தட்டு அவள் முன்னால் நின்றது, எடுத்துக்கொண்டாள். பாட்டில் அந்தப் பேர் வரும் இடத்தில் எல்லோரையும்விட உரக்கப் பாடினாள். காலையில் கதவைச் சாத்தினாள், பூட்டினாள், போனாள். சாயங்காலம் வந்தாள், படுத்தாள். அலமாரியில் காலித் தட்டில் பழைய துணி ஏறியது. கடைத் தச்சர் ஏதோ பேச்சுவாக்கில், "வீட்டுக்காரரை ஒருநாள் கடைப் பக்கம் கூட்டிட்டு வாங்களேன்" என்றாராம். "எனக்கு வீட்டுக்காரர் இல்லைங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். அந்த மனிதர் பதறிப்போய், சேதி தெரியாமல் கேட்டுவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இதையும் வந்து என்னிடம் சொன்னாள். சிரிக்கவில்லை.

சாப்பிடுகிறாளா என்று பார்த்தேன், சாப்பிட்டாள். தூங்குகிறாளா என்று பார்த்தேன், தூங்கினாள். ஜெபம் மட்டும் இல்லை. முன்னெல்லாம் ஓயாமல் அவரிடம் பேசிக்கொண்டிருந்தவள், இப்போது சபையில் எல்லோரும் சொல்லும்போது ஆமென் சொல்வதோடு சரி. கர்த்தரை நம்புகிறீர்களா என்று கேட்டால் நம்புகிறேன் என்பாள். சூரியன் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்ல மாட்டோமா, அதுபோல. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முதல் புருஷன் போனபோது என் கூடத்தில் உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பெண்தான் இப்போது நடமாடிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு இருக்கிறாள் என்று தோன்றியது. அன்றைக்காவது ஆறுதல் சொல்ல ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ஒருநாள் பாஸ்டரம்மா தலைவலி மாத்திரைக்குக் கடைக்கு வந்தார். கூட்டம் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"எதைச் சொல்றீங்க? முதல்ல சொன்னதையா, பின்னால சொன்னதையா?"

சுருக்கென்று தைக்கட்டும் என்றுதான் கேட்டேன். தைத்தது. அந்த அம்மா கண்ணாடிப் பெட்டிமேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"எத்தனை பேருக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கேன் தெரியுமா? எல்லாரும் தலைய ஆட்டினாங்க, கண்ணைத் துடைச்சாங்க, போனாங்க. ஒருத்தரும் நம்பல. சொன்ன நானே நம்பினேனான்னு தெரியல. உங்க அண்ணி ஒருத்திதான் நம்பிட்டா." மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "அவகிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. போதும்" என்றேன். மரியாதைக் குறைவுதான். அவர் போய்விட்டார். அந்த அம்மா மேல் எனக்கு இருந்த கோபம் அன்றோடு பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை யார்மேல் வைப்பது என்று தெரியவில்லை.

இப்படியே ஒரு மழைக்காலம் போயிற்று. ஒருநாள் காலையில் அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுச் சத்தம். இந்த நேரத்தில் அண்ணியைப் பார்க்க யார் வந்தார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு பாத்திரம் ணங்கென்று விழுந்தது. விழவில்லை, வைத்த வேகம் அப்படி. அடுப்பை அணைத்தேன்.

"...அத்தனை பேர் முன்னாடி வச்சுக் கேட்டேன். நான் இல்லையான்னு. வாயைத் தொறந்தீங்களா நீங்க? அவங்க பாட்டுக்குப் பேசறாங்க, நீங்க பாட்டுக்கு இருக்கீங்க. எந்த ஆம்பளையாவது தன் பொண்டாட்டிய நாலு பேர் அப்படிப் பேச விட்டுட்டு நிப்பானா? நான் உங்களையேதானே பாத்துக்கிட்டிருந்தேன்?"

அண்ணியா இது! என் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சத்தம் வந்து நான் கேட்டதில்லை. சுவரில் காதை வைத்தேன். வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

"நானும் எத்தனை நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியறேன். என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? துணிய எடுத்து உங்க பக்கத்துல அடைச்சேன், அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

இன்னொரு பாத்திரம். பிறகு சத்தமே இல்லை. போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தேன். அப்போது குரல் மறுபடியும் வந்தது, ரொம்பத் தாழ்ந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"பேரைச் சொல்லிட்டேன். எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னேன். பாட்டுலயும் கத்தினேன். போறதுன்னா போகட்டும்னுதான் கத்தினேன். போயிட்டீங்கன்னுதான் இத்தனை நாளும் இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா சாவிய எடுக்கறப்பல்லாம் வாய் வரைக்கும் வருது, சொல்லிட்டுப் போகணும்னு. இல்லாத ஆள்கிட்ட எவளாவது சொல்லிட்டுப் போவாளா? அப்ப, நீங்க போகல. போகலைன்னா போகலைன்னு சொல்ல வேண்டியதுதானே? எல்லாத்தையும் நானாத்தான் கண்டுபிடிக்கணுமா?"

அப்புறம் அழுதாள். முதல் புருஷன் போனபோது அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்றேன். என் கண்ணும் சும்மா இல்லை, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் யூனிஃபார்ம் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே அடுப்படிக்குள் வந்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவரும் காது கொடுத்தார். அந்தப் பக்கம் அழுகை நின்று, மறுபடியும் ஏச்சு ஆரம்பித்திருந்தது.

"யார்கூடச் சண்டை போடறா?" என்றார் மெதுவாக.

"உன் அக்கா வீட்டுக்காரரோட."

மனிதருக்கு முகமே மாறிவிட்டது. "வந்துட்டாரா? எப்ப வந்தார்?"

"அவர் எங்க போனார், வர்றதுக்கு?" என்றேன். அந்தப் பக்கம் சண்டை இன்னும் முடியவில்லை.